விளக்கு வர நூறு வருடம், தடுப்பூசி வர ஆறு மாதம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கத்துத் தம்பி ஒருவன் கேட்டிருந்தான். வயது 19. அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில். "டீச்சர், ஏஐ வந்தால் எல்லா வேலையும் போய்விடும் என்கிறார்கள். பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. படித்து முடிப்பதற்குள் அந்த வேலையே இருக்காது என்று மாமா சொல்கிறார். இந்தப் புதிய தொழில்நுட்பம் எல்லாம் பெரிய ஊர்க்காரர்களுக்குத்தானே? எங்கள் மாதிரித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் என்ன நல்லது வரப்போகிறது?"

இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்லது வரும் தம்பி. உன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ஊர்க் கதையை முதலிலிருந்து பார்த்தால் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

நான் பிறந்தது 1971இல், கூலிமிலிருந்து பத்து மைல் தள்ளி ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். மாலை ஆறரைக்கு ஸ்டோர் பக்கம் ஜெனரேட்டர் போடுவார்கள், இரவு பத்துக்கு நிறுத்துவார்கள். நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பு விளக்கு ஒரு தடவை மங்கி மறுபடி எரியும். அதுதான் எச்சரிக்கை. அதற்குள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் விளக்குதான். இரவும் பகலும் நிற்காத மின்சாரம் எங்கள் லயத்துக்கு வந்தது 1983இல். எடிசன் தன் விளக்கை எரியவிட்டுக் காட்டியது 1879இல். நூற்று நாலு வருடம்! இடையில் துரை பங்களாவுக்கு வந்தது, தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுக்கு வந்தது. எங்களுக்குக் கடைசியில் வந்தது.

கையில் தூக்கிப் பேசும் போனில் முதல் அழைப்பு 1973இல் நியூயார்க்கில் நடந்தது. எங்கள் வீட்டுக்கு முதல் கைப்பேசி 2001இல், என் தம்பி முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய நோக்கியா. இருபத்தெட்டு வருடம். அப்புறம் கோவிட் வந்தது. எம்ஆர்என்ஏ (உடம்பின் செல்லுக்கு எழுத்துக் குறிப்பு மாதிரிச் செய்தி கொண்டுபோகும் மூலக்கூறு) தடுப்பூசியை ஆய்வுக்கு வெளியே பொதுமக்களுக்கு முதலில் போட்டது இங்கிலாந்தில், 2020 டிசம்பர் 8ஆம் தேதி. மலேசியாவில் 2021 பிப்ரவரி 24இல் தொடங்கினார்கள். ஜூன் மாதம் என் அம்மா, ஒரு காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன அம்மா, நாற்காலியில் உட்கார்ந்து சேலை முந்தானையைத் தோளிலிருந்து ஒதுக்கி அதே ஊசியைப் போட்டுக்கொண்டார். ஆறு மாதம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல் வெளியானது. அந்த வாரக் கடைசியில் என் அக்கா மகன் அதனிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். நாலு நாள்.

நூறு வருடம் நாலு நாளாகச் சுருங்கியிருக்கிறது. என் நம்பிக்கையில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. புதிய பொருள் கண்டுபிடிக்கப்படுவது எப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. அது லயத்து வாசலுக்கு வந்து சேர ஆன காலம்தான் நம்மைக் கொன்றது.

அந்த ஊசியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பொருந்தும். கேட்டலின் கரிக்கோ ஹங்கேரியில் ஒரு சிறு ஊரில் இறைச்சிக் கடைக்காரரின் மகளாக வளர்ந்தவர். வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. பிறகு அமெரிக்கா போய் எம்ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு பல வருடம் போராடினார். ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கவில்லை, பதவி இறக்கினார்கள். 2005இல் அவரும் ட்ரூ வைஸ்மனும் சேர்ந்து, எம்ஆர்என்ஏவில் ஓர் எழுத்தைச் சற்று மாற்றினால் உடம்பு அதை எதிரியாக நினைத்துத் துரத்தாது என்று கண்டுபிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு. குழாய் இல்லாத வீட்டிலிருந்து கிளம்பிய ஒரு மூளை, குழாய் இல்லாத லயத்தில் வாழ்ந்த என் அம்மாவைக் காப்பாற்றியது. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

சரி, மாமாவின் பயத்துக்கு வருவோம். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ரப்பரோடு செம்பனையும் இருந்தது. 1970களின் கடைசியில் அம்மாவைப் பால்வெட்டிலிருந்து செம்பனைக்கு மாற்றினார்கள். "பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை" என்று அம்மா சொல்வார். செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள், அதற்கு மகரந்தம் சுமக்கும் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அதனால் பெண்கள் மரம் மரமாகப் போய், மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற தூளோடு கலந்து பெண் பூவில் ஊத வேண்டும். நிழலில் நடக்கிற வேலை, கனமில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் சட்டையில் சோம்பு வாசம் அடிக்கும். செம்பனைப் பூவின் வாசம் அதுதான்.

ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் ஆய்வாளர் கேமரூனுக்குப் போய், அங்கே செம்பனைப் பூவில் மூன்று நாலு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டுதான் இந்த வேலையைச் செய்கிறது என்று உறுதிப்படுத்தினார். சோம்பு வாசத்துக்கு வருகிற வண்டு. நோய் எதையும் சுமந்து வரவில்லை, வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்துவிட்டு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் பக்கம் தோட்டத்தில் விட்டார்கள். கொஞ்ச காலத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. காய்ப்பு கூடியது, குலை கனத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் செய்துவந்த வேலை ஓர் உளுந்தளவு வண்டால் ஓரிரண்டு வருடத்தில் காணாமல் போனது.

அம்மாவை மருந்தடிக்க அனுப்பினார்கள். முதுகில் மருந்து டேங்க், கையில் குழாய், காலில் கிழிந்த பூட்ஸ். அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. ஒரு வாய் உள்ளே போனாலே உயிரை எடுக்கும், முறிவு மருந்து கிடையாது. அம்மாவின் கட்டைவிரல் நகம் மஞ்சளாகி, வெடித்து, விழுந்து, திரும்ப முளைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாப்பாட்டைப் பிசைந்து வாயில் வைக்கக்கூடப் பயப்படுவார். குலை கனத்ததில் வந்த லாபம் எங்கள் வீட்டுச் சம்பளத் துண்டில் ஏறவில்லை.

அப்படியிருந்தும் நான் வண்டைக் குறை சொல்ல மாட்டேன். வண்டு செய்தது நல்ல வேலை. அம்மாவுக்கு அன்றைக்கு இல்லாமல் போனது அடுத்த வேலைக்கான படிப்பு. ஆறாம் வகுப்பு தாண்டாத, தோட்டத்தை விட்டால் வீடும் போய்விடும் என்ற நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு, கிராணி கைகாட்டிய இடம்தான் அடுத்த வேலை. உனக்கு அப்படி இல்லை தம்பி. உன் கையில் எஸ்.பி.எம். பள்ளி இறுதிச் சான்றிதழும் பொலிடெக்னிக் கடிதமும் இருக்கின்றன. மாமா பயப்படுகிற அதே கதையில் உன் இடம் வேறு.

பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள். இப்போது பல தோட்டங்களில் மருந்தடிப்பதும் உரம் போடுவதும் ட்ரோன். போன மாதம் சுங்கை கோப் பக்கம் போனபோது பார்த்தேன். வரப்பு ஓரமாக ஒரு பையன் குடையை நட்டு, அதன் நிழலில் நின்று ரிமோட்டை இயக்கிக்கொண்டிருந்தான். மருந்து மேலே பறந்துகொண்டிருந்தது, அவன் நகம் சுத்தமாக இருந்தது. வண்டியை நிறுத்தி அவன் கையைப் பார்த்தேன் என்றால் நீ நம்ப வேண்டும்.

அடுத்து மருத்துவம். நம் மக்களுக்கு இதில் வரப்போகிற நன்மைதான் மிகப் பெரியது என்று நினைக்கிறேன். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். எல்லா இனத்தையும் விட நமக்குத்தான் அதிகம். நம் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் கால் புண், கண் மங்கல், டயாலிசிஸ். இது உனக்கே தெரியும்.

இனிப்புநீர்க்காரர்களின் கண் ஓசைப்படாமல் கெடும். வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். படம் எடுப்பது எளிது, அதைப் படித்துச் சொல்ல நிபுணர் வேண்டும். நிபுணர் குறைவு, வரிசை நீளம். அம்மாவுக்கு ஒரு தடவை முடிவு வர வெகுநாள் ஆனது, அதற்குள் இடது கண்ணில் இரத்தக் கசிவு தொடங்கியிருந்தது. இப்போது அந்தப் படத்தை இயந்திரமே படிக்கிறது. நிபுணர் பக்கத்தில் இல்லாமலேயே "இவருக்குக் கண் பாதிப்பு இருக்கிறது, அனுப்புங்கள்" என்று சொல்லும் முதல் ஏஐ கருவிக்கு அமெரிக்கா 2018 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. காச நோய்க்கு நெஞ்சுப் படம் பார்ப்பதற்கும் இப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இவை வேலையைப் பறிக்கும் ஏஐ கிடையாது. நம் ஊர் கிளினிக்கில் இதுவரை நிரப்பப்படாத நாற்காலியில் வந்து உட்கார்கிற ஏஐ.

மருந்து விஷயத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசுகிற, இனிப்புநீருக்கும் எடை குறையவும் கொடுக்கும் ஜிஎல்பி-1 வகை மருந்துகளில் முதலில் வந்தது, அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கீலா மான்ஸ்டர் என்ற பல்லியின் எச்சிலில் கண்டெடுத்த ஒரு பொருளை வைத்துச் செய்தது. 2005இல் அனுமதி கிடைத்தது. கிட்டத்தட்ட நம் தோட்டத்து உடும்பு மாதிரி இருக்கும் அது. உடும்புக் கறி தின்றால் உடம்புக்கு நல்லது என்று தாத்தா சொன்னபோது நாங்கள் சிரித்தோம். தாத்தா சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் இதைப் படித்த அன்று அவரை நினைத்துக்கொண்டேன். அந்த வகையில் பெயர் பெற்ற செமாகுளூட்டைடின் காப்புரிமை இந்தியா போன்ற சில நாடுகளில் 2026இல் முடிகிறது. காப்புரிமை முடிந்தால் பல கம்பெனிகள் செய்யும், விலை இறங்கும். பணக்காரர்களின் மருந்து சர்க்கார் கிளினிக் மருந்தாக மாறும் வழி அதுதான்.

மரபணுவையே திருத்துகிற காலமும் வந்துவிட்டது. தலசீமியா, அரிவாள் செல் என்ற இரத்த நோய்களுக்கு, கிறிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறையில் செய்த முதல் சிகிச்சைக்கு இங்கிலாந்து 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும், இருபது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். ஆனால் 2025இல் ஃபிலடெல்ஃபியாவில், அபூர்வ நோயோடு பிறந்த ஒரே ஒரு குழந்தைக்காக ஒரு திருத்த மருந்தை ஆறு மாதத்தில் வடிவமைத்துக் கொடுத்தார்கள். மேலே சொன்ன காலக் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்.

இனி உன் வேலை. இதைத்தான் ஆற அமரச் சொல்ல வேண்டும்.

இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972இல் திறந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அக்காமார்கள் தொழிற்சாலை பஸ் ஏறிப் போனது அப்படித் தொடங்கியதுதான். கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் வந்தது. இப்போது உலகத்தில் நடக்கும் சிப்பை உறையில் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. 2024 ஆகஸ்டில் ஜெர்மானிய சிப் நிறுவனமான இன்ஃபினியன், கூலிமில் தன் மூன்றாவது ஆலையைத் திறந்தது. அதன் முதல் கட்டத்துக்கு மட்டும் 200 கோடி யூரோ. சிலிக்கன் கார்பைடு சிப் செய்யும் ஆலை, முழுக்கக் கட்டி முடித்தால் அந்த வகையில் உலகிலேயே பெரியதாக இருக்கும் என்கிறார்கள்.

சிலிக்கன் கார்பைடு என்றால் என்ன என்று பையன்கள் கேட்டால், என் அப்பாவின் தீட்டுகல்லை எடுத்து மேசை மேல் வைப்பேன். பால்வெட்டுக் கத்தியைத் தினமும் சாயங்காலம் அவர் அதில்தான் தீட்டுவார். நடுவில் குழி விழுந்த சாம்பல் நிறக் கல். கார்போரண்டம் என்று விற்கிற அந்த மாதிரிக் கல்லின் மணல் சிலிக்கன் கார்பைடுதான். 1890களிலிருந்து செய்துவருகிறார்கள். வைரத்துக்குச் சற்றுக் கீழான கடினம். கத்தி தீட்டத்தான் லாயக்கு என்றிருந்த அதே பொருளை, இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றி ஆவியாக்கி, ஒரே படிகமாக மெதுவாக வளர்த்து, வட்டத் தகடாக அறுத்தால், அது சிப் செய்யும் தகடாகிவிடுகிறது. சாதாரண சிலிக்கனை விட அதிக மின்னழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும், மின்சாரத்தை வீணாக்குவது குறைவு. மின்சாரக் காரில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில், கூரையில் இருக்கும் சோலார் பேனலுக்கும் வீட்டு மின்கம்பிக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்ய ஏற்றது இது. லித்தியம் பேட்டரி விலையும் சோலார் பேனல் விலையும் 2010க்குப் பிறகு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கின்றன. மனிதகுலம் புகையில்லாமல் விளக்கெரிக்கப் போகிறது என்றால், அதில் ஒரு துண்டு கூலிமிலிருந்து போகும். என் அப்பா கத்தி தீட்டிய ஊரிலிருந்து.

என்னிடம் படித்த ஒரு பெண், பால்வெட்டுக்காரர் மகள், இந்தப் பக்கத்து ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறாள். கிளீன்ரூமுக்குள் தூசி ஆகாது, பவுடர் ஆகாது, பொட்டும் விபூதியும் ஆகாது. வேலைக்குள் போகுமுன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து திரும்ப வைத்துக்கொள்வாளாம். கதவில் ஐந்தாறு பொட்டு வரிசையாக இருக்கும் என்று சொன்னாள். ஏஐ பற்றி அவளிடம் கேட்டேன். "டீச்சர், எந்தப் பம்பு இன்னும் மூன்று நாளில் பழுதாகும் என்று இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. முன்பெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குத் திடீரென்று நிற்கும், ஓட வேண்டும். இப்போது நிதானமாகக் கழற்றுகிறேன். கழற்றினால்தான் தெரிகிறது, கம்ப்யூட்டர் சொன்ன காரணம் ஒன்று, உள்ளே நைந்துபோன ரப்பர் வளையம் ஒன்று."

அவள் சொன்னதை மாமாவிடம் சொல். ஏஐ முதலில் கை வைக்கப்போவது மேசை வேலையில். படிவம் நிரப்புவது, கணக்குப் பார்த்து எழுதுவது, ஒரே மாதிரிக் கடிதம் அடிப்பது. அந்தக் காலத்தில் நம் அப்பாமார்கள் "படித்துக் கிராணி ஆகிவிடு" என்று ஆசைப்பட்ட வேலை இருக்கிறதே, அதுதான் இப்போது ஆட்டம் காண்கிறது. கையும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை, ஸ்பேனரும் கணக்கும் தெரிந்தவனின் வேலை, அவ்வளவு சீக்கிரம் போகாது. இயந்திரம் கூடக் கூட அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் இயந்திரம், மின்னணு, கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்த மெக்கட்ரானிக் படி என்பேன். கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பொலிடெக்னிக் இருக்கிறது. உனக்குக் கடிதம் வந்தது அங்கிருந்துதான் என்றால் யோசிக்கவே வேண்டாம், பஸ் பிடித்துப் போய்வரும் தூரம்.

உன் அப்பா வேலையும் மாறும். இருபது கிலோ குலையை நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் அண்ணாந்து பார்த்து வெட்டி வெட்டி, ஐம்பது வயதில் கழுத்துத் திரும்பாத எத்தனை பேரை எனக்குத் தெரியும். மோட்டார் வைத்த அரிவாள் ஏற்கெனவே வந்துவிட்டது. முழுக்க இயந்திரமே வெட்டும் நாளும் வரும். வரட்டும். அது போகவேண்டிய வேலை. அது போகிற நாளில் உன் அப்பாவுக்கு ஓய்வூதியமும் உனக்குச் சம்பளமும் இருக்க வேண்டும். அதைச் சங்கமும் சர்க்காரும் இப்போதிருந்தே பேசி வாங்க வேண்டும். 1981இல் அம்மாவுக்காக யாரும் பேசவில்லை.

இன்னும் ஒன்று, மொழி. கம்ப்யூட்டரில் தமிழ் வருமா என்று கேட்ட காலத்தில், 1980களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியவர் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன். 2005இல் செல்லினம் என்ற மென்பொருள் மூலம் கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்ததும் அவர்தான். அந்த அடித்தளத்தின் மேல்தான் இன்றைக்குக் கைப்பேசி தமிழில் பேசுகிறது, கேட்கிறது. என் அம்மாவுக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. தமிழும் எழுத்துக் கூட்டித்தான். கிளினிக்கில் கொடுக்கும் மருந்துப் பொட்டலத்தில் மலாயில் எழுதியிருப்பதை யாராவது படித்துச் சொல்லும்வரை காத்திருப்பார். நான் பள்ளியிலிருந்து வர மத்தியானம் ஆகிவிடும், அதுவரை காலை மாத்திரை மேசையிலேயே இருக்கும். போன வருடம் பேத்தி ஒரு வழி காட்டிக்கொடுத்தாள். இப்போது அம்மா பொட்டலத்தைக் கைப்பேசியின் முன் பிடித்து, "இது எப்ப போடணும்?" என்று சத்தமாகக் கேட்கிறார். "சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை" என்று அது தமிழில் சொல்கிறது. சில சமயம் தப்பாகவும் படிக்கும் என்பதால், மருந்து மாறுகிற அன்று மட்டும் நான் ஒருதரம் சரிபார்க்கிறேன். எழுபத்தொன்பது வயதில், யாரையும் எதிர்பார்க்காமல் தன் மாத்திரையைத் தானே போட்டுக்கொள்ளும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ.

பொலிடெக்னிக் பதிவுக்கு எஸ்.பி.எம். மூலச் சான்றிதழும் நகலும் எடுத்து வை. கணிதம்தான் உனக்குப் பயம் என்று தெரியும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வா, மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. அப்பாவின் தீட்டுகல் மேசை மேல்தான் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.